அரபுப் பெயரையும் கொரியப் பெயரையும் மென்பொருள் சரியான தமிழில் தருமா?

மேலப்பாளையத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். வளைகுடாவிலிருந்து வரும் அரபுக் காகிதங்களிலும் கொரியக் கம்பெனிகளிலிருந்து வரும் காகிதங்களிலும் உள்ள பெயர்களைத் தமிழ் எழுத்தில் தானாக மாற்றித் தரும் மென்பொருள் எது? கொரியப் பெயர்கள் ஓரளவு ஒழுங்காக வரும்போது, அரபுப் பெயர்கள் மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகின்றன? பழைய கோப்புகளில் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரிவதை மீட்க முடியுமா? வீட்டில் வாப்பும்மா (அப்பாவின் அம்மா) எழுதிவைத்த அரபுத்தமிழ் நோட்டு, அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதிய நோட்டு, ஒன்று இருக்கிறதே, அதையும் இதே மென்பொருளில் போட்டுத் தமிழாக்கிவிடலாமா? கேள்வி நான்காகத் தெரிந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஓர் எழுத்துமுறையை இன்னோர் எழுத்துமுறைக்கு மாற்றும்போது எதுவரை கணினியை நம்பலாம், எங்கே மனிதர் கைவைத்தாக வேண்டும் என்பது.

நான் 1990களில் பாளையங்கோட்டை அச்சகம் ஒன்றில் கணினித் தட்டச்சில் தொடங்கி, பின்னர் பழைய எழுத்துருக்களில் கிடந்த தமிழ்க் கோப்புகளை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாக எண் தரும் யூனிகோடுக்கு மாற்றும் வேலையையே தொழிலாகக் கொண்டவன். அரபு எழுத்துகளை ஓர் ஆலிமிடம் உட்கார்ந்து படித்துக்கொண்டது அச்சுக் கோப்பதற்காகத்தான். இலக்கணம் ஓதியவன் அல்லன். கொரிய எழுத்தை வாசிப்பேன், பேச வராது. ஆகவே எழுத்தும் எண்ணும் சம்பந்தப்பட்டவற்றை உறுதியாகவும், உச்சரிப்பு நுணுக்கங்களைச் சற்று அடக்கியும் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வேலைகளை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எழுத்துக்கு ஓர் எண் கொடுத்துச் சேமிப்பது குறியாக்கம். ஒரு வரிவடிவத்தின் எழுத்துக்கு நேராக இன்னொரு வரிவடிவத்தின் எழுத்தை வைப்பது எழுத்துப்பெயர்ப்பு. வாயில் எப்படி ஒலிக்கிறதோ அதை வேறோர் எழுத்தில் எழுதுவது ஒலிபெயர்ப்பு. 'பகல்' என்ற சொல்லின் ககரத்துக்கு ஆங்கிலத்தில் 'கே' போட்டால் அது எழுத்துப்பெயர்ப்பு. நம் வாயில் வருகிறபடி 'ஜி' என்றோ 'ஹெச்' என்றோ போட்டால் ஒலிபெயர்ப்பு. முன்னதிலிருந்து மூலத்துக்குத் திரும்பி வரலாம், பின்னதிலிருந்து பெரும்பாலும் வர முடியாது. கடைக்கு வருகிறவர் 'பேரைத் தமிழ்ல போட்டுக் குடுங்க' என்று கேட்கும்போது அவர் மனத்திலிருப்பது ஒலிபெயர்ப்பு. மென்பொருளில் பெரும்பாலானவை செய்வது எழுத்துப்பெயர்ப்பு. இந்த இடைவெளி கொரியத்தில் சிறியது, அரபில் பெரியது.

பழைய கோப்புகளின் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஆகவே அதை முதலில் முடித்துவிடுகிறேன். திரையில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் கோப்பு நலமாக இருக்கிறது, அந்த எழுத்துக்குரிய எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான். தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால், கோப்பு ஒரு குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டு வேறொன்றில் திறக்கப்பட்டிருக்கிறது. அரபானால் விண்டோஸ்-1256 என்றும், கொரியமானால் இ.யு.சி-கே.ஆர். அல்லது 949 என்றும் மாற்றித் திறந்து பாருங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸில் குறியாக்கப் பட்டியலிலேயே இவை இருக்கின்றன. சரியாகத் தெரிந்ததும் யூனிகோடைச் சேமிக்கும் முறையான யு.டி.எஃப்-8இல் வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், மூலக் கோப்பின்மேல் எழுதாதீர்கள். கறுப்பு வைர வடிவத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் அது திறந்த முறையின் பிழையாக இருக்கலாம். அந்த நிலையில் சேமிக்காமல் மூடிவிட்டால் இன்னும் வாய்ப்பு உண்டு. சாதாரணக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் மட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் அந்த எழுத்துகளுக்கு இடமில்லாத குறியாக்கத்தில் சேமித்தபோது, எழுத்து போய்க் கேள்விக்குறியே கோப்பில் பதிந்துவிட்டது. அதை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இனிக் கொரியம். அதன் எழுத்தான ஹங்குல் 1443இல் மன்னர் செஜோங் காலத்தில் ஆக்கப்பட்டு 1446இல் அறிவிக்கப்பட்டது. இன்று அடிப்படை எழுத்துகள் 24. அவற்றில் மெய் 14, உயிர் 10. இவற்றைத் தனித்தனியே வரிசையாக எழுதாமல், முதல் மெய், உயிர், இறுதி மெய் என்று அடுக்கி ஒரு சதுரத்துக்குள் ஓர் அசையாக எழுதுவார்கள். இரட்டித்தும் கூட்டியும் வருவனவற்றையும் சேர்த்தால் முதலில் நிற்கக்கூடியவை 19, உயிர்கள் 21, இறுதியில் நிற்கக்கூடியவை 27, இறுதி மெய் இல்லாமலும் இருக்கலாம் என்பதால் 28 நிலை. பெருக்கினால் 11,172 அசைகள். கொரியாவின் 1987ஆம் ஆண்டுக் குறியாக்கத் தரம் இவற்றில் வழக்கிலுள்ள 2,350 அசைகளுக்கு மட்டுமே எண் கொடுத்தது. 1990இல் அங்கே ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தலைப்பிலுள்ள முதல் அசையே அந்தப் பட்டியலில் இல்லாமல் போனதை இன்றும் உதாரணமாகச் சொல்வார்கள். மைக்ரோசாப்ட் தன் 949 குறியாக்கத்தில் விடுபட்ட 8,822ஐயும் சேர்த்தது. யூனிகோடு 1996இல் தன் இரண்டாம் பதிப்பில், முன்பு வேறிடத்தில் வைத்திருந்த கொரிய அசைகளை எடுத்துவிட்டு, 11,172ஐயும் 44032 முதல் 55203 வரை ஒழுங்காக அடுக்கியது. ஒருமுறை கொடுத்த எண்ணை இனி எந்த எழுத்துக்கும் மாற்றுவதில்லை என்ற கட்டுப்பாடு அந்தப் பதிப்பிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

அந்த அடுக்கில் ஓர் அழகு உண்டு. முதல் மெய்யின் வரிசை எண்ணை 21ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்டி, வந்ததை 28ஆல் பெருக்கி, இறுதி மெய்யின் எண்ணையும் 44032ஐயும் கூட்டினால் அசையின் எண் கிடைத்துவிடும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியைக் கொரிய எழுத்தில் டி, ரு, நெல், வெல், லி என்று ஐந்து சதுரங்களாக எழுதலாம். கொரியத்தில் வகரம் இல்லாததால் நான்காவது 'பெல்' என்றுதான் ஒலிக்கும் என்பது வேறு. நடுவிலுள்ள 'நெல்' அசையைப் பிரித்தால், எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் நகரத்துக்கு 2, எகரத்துக்கு 5, இறுதி லகரத்துக்கு 8. இரண்டை 21ஆல் பெருக்கி ஐந்து கூட்டினால் 47. அதை 28ஆல் பெருக்கினால் 1316. எட்டைக் கூட்டினால் 1324. 44032ஐயும் சேர்த்தால் 45356. கொரிய 'நெல்' முழுவதற்கும் அந்த ஓர் எண் போதும். தமிழ் யூனிகோடில் நம் 'நெல்' நகரம், எகரக் குறி, லகரம், புள்ளி என்று நான்கு எண்களாகக் கிடக்கிறது. தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றபோது, உயிர்மெய்க்குத் தனி எண் வேண்டும் என்று வாதாடியவர்கள் கண்முன் இருந்தது இந்த வசதிதான். ஆனால் யூனிகோடு நுழைந்த இடத்தில் இன்னொன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது எளிதில்லை என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு வகுத்தால் எந்தக் கொரிய அசையும் உடைந்து மூன்று துண்டாகிவிடும். 19, 21, 27 என்று மொத்தம் 67 வரிகள் கொண்ட அட்டவணை ஒன்றைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினால் கொரியம்–தமிழ் எழுத்துப்பெயர்ப்புக் கருவி தயார். நிரல் பழகியவர் ஒரு மாலைப் பொழுதில் முடிக்கலாம். உங்களுக்குக் கொரியம் ஓரளவு ஒழுங்காக வருவதன் காரணம் இதுவே. ஒரு சின்ன எச்சரிக்கை: மேக் கணினியிலிருந்து வரும் கோப்புப் பெயர்களில் அசைகள் துண்டுகளாகவே பிரிந்து கிடப்பதுண்டு. பார்வைக்கு அதே பெயர்தான், தேடினால் அகப்படாது. யூனிகோடு ஒழுங்காக்கம் என்ற செயல்பாட்டை ஓடவிட்டு அவற்றைச் சேர்த்துக்கொண்ட பிறகு அட்டவணைக்குள் அனுப்புங்கள்.

ஒலியைப் பொறுத்தவரை தமிழ் எழுத்து கொரியத்துக்கு ஆங்கில எழுத்தைவிடப் பொருத்தமாக அமைகிறது என்பது என் அனுபவம். கொரியத்தின் சாதாரண க, ட, ப, ஜ வரிசை மெய்கள் சொல்லின் முதலில் வன்மையாகவும், உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்தை அடுத்தும் மென்மையாகவும் ஒலிக்கின்றன. கடலிலும் பகலிலும் ஒரே ககரத்தை எழுதி வேறு வேறாக ஒலிக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'காகு' என்று எழுதினால் முதல் ககரமும் இரண்டாம் ககரமும் எப்படி மாறுமோ கிட்டத்தட்ட அப்படியே அங்கும் மாறுகின்றன. 'அது', 'பாட்டு' என்பவற்றின் இறுதியில் இதழ் குவியாமல் வரும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய ஓர் உயிர் கொரியத்தில் தனி எழுத்தாகவே இருக்கிறது. நமக்கு அதற்குத் தனி எழுத்து இல்லாததால் இதழ் குவிந்த உகரமும் குவியாத உகரமும் தமிழில் ஒன்றாகிவிடும். அதை இழப்பென்று ஒப்புக்கொண்டு போக வேண்டியதுதான். மூச்சொலியுடன் வரும் க, ட, ப, ச நான்கையும் காட்டவும் நம்மிடம் வழியில்லை. இந்த ஒற்றுமைகளை வைத்து இரு மொழிக்கும் உறவு பேசுவது வேறு விவகாரம், எழுத்து மாற்றத்துக்கு அது தேவையும் இல்லை.

தொல்லை இரண்டு இடங்களில் வரும். ஒன்று, எழுதியபடி ஒலிக்காத புணர்ச்சி. சொல்லும் மாலையும் சேர்ந்தால் சொன்மாலை ஆவதுபோல, கொரியத்தில் 'குக்', 'மின்' என்று எழுதியது 'குங்மின்' என்று ஒலிக்கும். பழைய அரசு ஒன்றின் பெயர் எழுத்தில் 'சின்ரா', வாயில் 'சில்லா'. இவற்றுக்கு விதிகள் தெளிவானவை, எண்ணிக்கையிலும் அதிகமில்லை, ஆகவே அட்டவணையோடு சேர்த்து நிரலில் எழுதிவிடலாம். மற்றொன்று, ஆங்கிலம் நடுவில் புகுவது. பொது உபயோகத்துக்குள்ள மாற்றிகள் பலவும் கொரியத்தை முதலில் ரோமன் எழுத்துக்கு மாற்றி, அதைப் பிறகு தமிழாக்குகின்றன. கொரிய அரசு 2000இல் வெளியிட்ட ரோமன் முறையில், அகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் உயிரை 'இ', 'ஓ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள். இந்த முறைக்கு முன்பே வழங்கிவந்த ஆங்கில எழுத்துக்கூட்டிலும் அதே இரண்டு எழுத்துகள் இருந்தன; அதை அப்படியே எழுத்துக்கூட்டி வாசித்ததால்தான் 'சொ-உல்' என்று இரண்டு அசையாக ஒலிக்கும் தலைநகரம் நம் செய்தித்தாளில் 'சியோல்' ஆயிற்று. 'பார்க்' என்று நாம் எழுதும் குடும்பப் பெயரில் கொரியர்கள் ரகரம் எழுதுவதே இல்லை, அது வெறும் 'பக்'. 'லீ' என்பது தென்கொரியாவில் 'இ' என்ற ஓருயிர்ப் பெயர். 'சோய்' ஏறக்குறைய 'ச்வே'. இருங்காட்டுக்கோட்டைக்கு வேலைக்குப் போகும் நம் பையன்கள் ஹூண்டாய் என்று சொல்வதைக் கொரிய எழுத்திலிருந்து நேராக எடுத்தால் 'ஹ்யொன்டே' என்று வரும். இவற்றில் எது சரி என்று மென்பொருளிடம் கேட்டுப் பயனில்லை. நிறுவனப் பெயரும் நகரப் பெயரும் தமிழில் எப்படி வேரூன்றிவிட்டனவோ அப்படியே விடுவதும், தனி மனிதர் பெயரை அவர் பாஸ்போர்ட்டில் எழுதியபடி வைத்துக்கொண்டு பக்கத்தில் கொரிய ஒலியைக் குறிப்பதும் என் வழக்கம். மற்றவர் வேறு விதமாகச் செய்யலாம்; இதற்குத் தமிழில் ஒப்புக்கொண்ட விதி இல்லை.

அரபுக்கு வந்தால் குறியாக்கம் இன்று பெரிய சிக்கல் இல்லை. யூனிகோடில் அதன் முதன்மைப் பகுதி 1536 முதல் 1791 வரை இருக்கிறது. ஓர் எழுத்து தனித்து நிற்கையில் ஒரு வடிவும், சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வேறு வடிவும் கொண்டாலும் எண் ஒன்றுதான். வடிவத்தைத் தேர்ந்து இணைப்பது எழுத்துருவின் வேலை, வலமிருந்து இடமாக ஓடவிடுவது மென்பொருளின் வேலை. இந்த இரண்டும் இல்லாத காலத்தில் பட்ட பாடு எனக்குத் தெரியும். 1990களின் நடுவில் நிக்காஹ் அழைப்பிதழ் ஒன்றுக்குப் பிஸ்மில்லாவைத் தட்டி மெய்ப்பு எடுத்துக் கொடுத்தேன். பெண்வீட்டுப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தம்பி, இது பிஸ்மில்லா இல்ல, நூலறுந்த தஸ்பீஹ் மணி மாதிரில்லா செதறிக் கெடக்கு" என்றார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக நின்றிருந்தது. கையெழுத்து வல்லார் ஒருவரிடம் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து படமாகத்தான் ஒட்டினோம். இப்போது அந்த வாசகம் முழுவதற்குமே 65021 என்ற ஒரே எண் யூனிகோடில் இருக்கிறது. ஆனாலும் பிளக்ஸ் போர்டுகளில் உதிர்ந்த அரபைக் கண்டால், வலமிருந்து இடம் ஓட்டும் வசதியில்லாத வடிவமைப்பு மென்பொருளில் யாரோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் கடையில் இன்றும் வரக்கூடிய குறியாக்கச் சிக்கல்கள் இரண்டு. பழைய பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது, எழுத்துகளுக்குப் பதில் அவற்றின் முதல், இடை, கடை வடிவங்களுக்கென்று பழைய பொருத்தத்துக்காக வைக்கப்பட்ட வேறு எண்கள் வந்துவிடும். என்.எஃப்.கே.சி. என்ற ஒழுங்காக்கத்தை ஓடவிட்டால் அவை அடிப்படை எழுத்துகளாகத் திரும்பும். மற்றது, யா, காஃப் என்ற இரண்டு அரபு எழுத்துகள் உருது, பாரசீக விசைப்பலகையில் வேறு எண் பெறுகின்றன: அரபு யா 1610, பாரசீக யா 1740, அரபு காஃப் 1603, பாரசீகக் காஃப் 1705. சொல்லின் நடுவில் நின்றால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உருது விசைப்பலகையில் தட்டிய பெயரை அரபு விசைப்பலகையில் தட்டித் தேடிவிட்டு 'ஆள் பட்டியலிலேயே இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

எழுத்துப்பெயர்ப்பில்தான் அரபு நம்மைக் கைவிடுகிறது, காரணம் மென்பொருளின் குறை மட்டுமல்ல. மதரஸாவில் அ, இ, உ ஒலிகளைக் காட்டும் ஜபர், ஜேர், பேஷ் குறிகளைப் போட்டுத்தான் ஓதக் கற்றிருப்பீர்கள். அலுவலகக் காகிதத்திலும் செய்தித்தாளிலும் அந்தக் குறிகளை இடுவதில்லை. காஃப், தா, பா என்ற மூன்று எழுத்து தனியாக நின்றால் அது 'கதப', எழுதினான்; 'குதிப', எழுதப்பட்டது; 'குதுப்', நூல்கள். எது என்பது வாக்கியத்தைப் படித்து அரபு தெரிந்தவர் முடிவு செய்வது. கொரிய எழுத்து உயிரை மறைப்பதில்லை என்பதால் அங்கே அட்டவணை போதும். அரபோ குற்றுயிரை வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறது, ஆகவே மென்பொருளுக்கு மொழி தெரிந்தாக வேண்டும். அரபு எழுத்துக்கு ஆங்கில விசைக் குறிகளை ஒன்றுக்கொன்றாக வைத்து, திரும்பவும் பிசகின்றி மாற்றக்கூடிய முறை ஒன்றை 1990களில் டிம் பக்வால்டர் உருவாக்கினார். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைக் கையாள்கிறார்கள். அது சேமிக்கவும் அலசவும் உதவும், வாசிக்க உதவாது, ஏனெனில் எழுதாத உயிரை அது இட்டு நிரப்புவதில்லை. நிரப்பும் கருவிகள் தனி: அபுதாபியிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கேமல் டூல்ஸ், கத்தாரின் கணினி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஃபராசா ஆகியவை. முழு வாக்கியங்களில் இவை நல்ல உதவி. சூழலில்லாமல் பெயரை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஊகம்தான் மிஞ்சும்.

எழுதியதும் ஒலிப்பதும் வேறாவது இங்கேயும் உண்டு. 'அல்' என்ற முன்னொட்டிலுள்ள லாம் என்ற லகர எழுத்து, 28 எழுத்தில் 14க்கு முன்னால் தன் ஒலியை இழந்து அடுத்த எழுத்தின் ஒலியை ஏற்கும். அப்துல் காதர் என்பதில் ல் நிற்கிறது. அப்துர் ரஹ்மான் என்பதில் எழுதப்பட்ட லாம் ர் ஆகிவிடுகிறது. இந்த விதியை நிரலில் சேர்ப்பது எளிது. தமிழில் வந்து இறங்கும்போது நேரும் நெரிசல்தான் கடினம். ஸே, ஸீன், ஸாத் மூன்றும் நமக்கு ஸ. இரண்டு ஹகரமும் ஹ. இரண்டு தகரமும் த. நாவின் அடியிலிருந்து வரும் காஃபும் அதற்கு முன்னிருந்து வரும் காஃபும் க. அலியின் தொடக்கத்திலுள்ள ஐனும் அஹ்மதின் தொடக்கத்திலுள்ள அலிஃபும் வெறும் அ. ளாத் எழுத்தை நம் பக்கத்தில் ளகரமாக எழுதி ரமளான், ஃபர்ளு என்கிறோம். ரமழான் என்று ழகரம் போடுவோரும், ரமலான் என்று எழுதும் நாளிதழ்களும் உண்டு. ளுஹர் தொழுகையில் வருவது வேறோர் எழுத்து, அதற்கும் ளகரமே. ஆகவே தமிழிலிருந்து அரபுக்குத் திரும்பிப் போக எந்த மென்பொருளுக்கும் வழியில்லை. அரபு வடிவத்தைத் தூக்கி எறியாமல் பக்கத்துப் பத்தியில் வைத்திருங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

வளைகுடா காகிதங்களில் பாதிப் பெயர்கள் அரபுப் பெயர்களே அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. பேச்சிமுத்து என்ற பெயர் அங்கே எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். அரபில் வன்மையான பகரம் இல்லை, மென்மையான 'ப'தான் உண்டு, ஏகாரம் இல்லை, சகர இரட்டிப்பு 'ச்ச' ஒலியும் இல்லை. பா, யா, ஷீன், யா, மீம், வாவ், தா, வாவ் என்று எழுத்தர் எழுதிவிடுவார். குறிப்பறியாத மென்பொருள் அதை 'ப்ய்ஷ்ய்ம்வ்த்வ்' என்று கொடுக்கும். சற்று விவரமுள்ளது 'பீஷீமூதூ' என்று கொடுக்கும். அதை வைத்துப் பேச்சியம்மன் கோயில் பெயரைக் கண்டுபிடிக்க எந்த அகராதியாலும் ஆகாது, ஆனால் காகிதத்தைக் கையில் வாங்கிய நீங்கள் ஒரு நொடியில் கண்டுபிடிப்பீர்கள். ஆகவே பெயர்களுக்கு நான் சொல்லும் முறை: பாஸ்போர்ட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றாமல் முதல் பத்தியில், காகிதத்திலுள்ள அரபு இரண்டாம் பத்தியில், உரியவர் தம் பெயரைத் தமிழில் எப்படி எழுதுகிறாரோ அது மூன்றாம் பத்தியில். மென்பொருள் தருவதை மூன்றாம் பத்தியை நிரப்பும் முதல் ஊகமாக மட்டும் பயன்படுத்தலாம். சட்டத்துக்கு உட்பட்ட காகிதமானால் அந்த ஊகத்தையும் விட்டுவிட்டு, சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்புங்கள்.

கடைசியாக வாப்பும்மாவின் நோட்டு. இதில் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு நல்ல செய்தி உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் பக்கத்து ஊர்களிலும் வழங்கிய அரபுத்தமிழ், தமிழையே அரபு எழுத்தில் எழுதுவது. 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அதில் நூல்களே இயற்றினார்கள், கல்லச்சிலும் வந்தன. அரபில் இல்லாத ப, ட, ண, ள, ழ முதலியவற்றுக்கு இருக்கும் எழுத்துகளின்மேலோ கீழோ புள்ளியும் குறியும் சேர்த்துக்கொண்டார்கள். தமிழை உயிரில்லாமல் வாசிக்க முடியாதாகையால் ஜபர், ஜேர், பேஷ் குறிகளை இட்டே எழுதும் வழக்கம் இருந்தது. ஆகவே துபாயிலிருந்து வரும் கடிதத்தைவிட உங்கள் வீட்டு நோட்டு எழுத்துப்பெயர்ப்புக்கு வசதியானது. கொரியத்தைப்போல அதற்கும் ஓர் அட்டவணை எழுதிவிடலாம். எகர ஒகரங்களுக்கும் தனிக் குறிகள் உண்டு, அவற்றை எழுதியவர் தவறாமல் இட்டிருக்கிறாரா, இகர உகரக் குறியையே போட்டு ஒப்பேற்றியிருக்கிறாரா என்பதை நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்தைப் படமெடுத்துப் போட்டால் தானாக வாசித்துவிடும் என்று நம்பாதீர்கள். அச்சரபுக்குப் பழக்கப்பட்ட வாசிப்பான்கள் இந்தக் கூடுதல் புள்ளிகளை அழுக்கென்று தள்ளிவிடும், அல்லது பக்கத்து எழுத்தாக மாற்றிவிடும். ஒருவர் உட்கார்ந்து தட்டத்தான் வேண்டும். முதலில் நோட்டைப் பிரிக்காமல், வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் எல்லாப் பக்கத்தையும் படமெடுங்கள், வெற்றுப் பக்கங்கள் உட்பட. ஷெஹெராசாத் நியூ போன்ற, அரபுக் குடும்பத்தின் கூடுதல் எழுத்துகளையும் கொண்ட எழுத்துரு ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பக்கம் மட்டும் தட்டி, ஒவ்வொரு கூடுதல் எழுத்துக்கும் எந்த யூனிகோடு எண்ணைத் தேர்ந்தீர்கள் என்பதைத் தனித் தாளில் எழுதிவையுங்கள். ஒரே எழுத்தை இன்று ஓர் எண்ணிலும் நாளை இன்னோர் எண்ணிலும் தட்டினால் அட்டவணை எழுத முடியாது. அந்த இரண்டு பக்கத்தையும், அரபுத்தமிழ் ஓதத் தெரிந்த மூத்தவர் ஒருவர் வாய்விட்டு வாசிக்க நீங்கள் எடுத்த ஒலிப்பதிவையும் அனுப்பினால், எகர ஒகரக் குழப்பம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு அட்டவணையை நானே எழுதித் தருகிறேன்.